கோலி சோடா

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடம் நடத்துகிறவன். இருபது வருஷத்துக்கு மேலாகச் சத்தியமங்கலத்தில் இதுவே என் ஜீவனம். வருஷந்தோறும் ஒரு நாள் கரும்பலகையில் இருதயத்தின் படத்தை எழுதுவேன். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. நல்ல இரத்தத்துக்குச் சிவப்புச் சாக்குக்கட்டி, கெட்ட இரத்தத்துக்கு நீலச் சாக்குக்கட்டி. கண்ணைக் கட்டி விட்டாலும் அந்தப் படத்தைக் கோணாமல் எழுதி விடுவேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை உண்டு. அப்பேர்ப்பட்ட நான், ஒரு மனிதனுடைய இருதயம் என் கண்ணெதிரே கொஞ்சங் கொஞ்சமாகச் செத்துக் கொண்டிருந்த சமயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டிக் கடைக்கு ஓடிப் போய்க் கோலி சோடா வாங்கிக் கொண்டு வந்தேன்.

சென்ற வருஷம் வைகாசி மாதத்தில் நடந்த சமாசாரம் இது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு இன்னும் சில நாள் இருந்தது. மனைவியின் பிறந்த ஊரில் போய்த் தங்கியிருந்தோம். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரிக்குப் போகும் சாலையில் சற்றுத் தூரம் போய், ஒரு மண் பாதையில் திரும்பினால் அந்த ஊர் வரும். வீட்டைச் சுற்றி மல்லிகைத் தோட்டம். எங்கள் பக்கத்து மல்லிகையைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கூந்தலில் ஏறும் அந்தப் பூவுக்காக இரவு இரண்டு மணிக்கே எழுந்திருக்கிறவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். விரிந்து விட்டால் விலை போகாது. நெற்றியில் விளக்கைக் கட்டிக் கொண்டு, பாம்பையும் பூரானையும் காலால் விலக்கிக் கொண்டு, விடிகிற மட்டும் குனிந்தபடியே பறிப்பார்கள். அதன் பிறகு கூடையைத் தூக்கிக் கொண்டு மார்க்கெட்டு ஏலத்துக்கு ஓட்டம்.

என் மனைவியின் தம்பிக்கு அப்போது 40 வயது. மாப்பிள்ளை என்று நான் அழைப்பேன். மாமா என்று அவன் அழைப்பான். ஒல்லியான தேகம். எட்டுக் கிலோ மொட்டு நிறைந்த கூடையை ஒரு கையால் தூக்கித் தலையில் வைத்துக் கொள்ளுவான். ஜலதோஷத்துக்குக் கூட ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவனில்லை.

அன்று விடியற்காலை நாலு மணி இருக்கும். தோட்டத்திலிருந்து திண்ணைக்கு வந்து உட்கார்ந்தான். நெற்றி விளக்கு எரிந்தபடியே இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, அதற்குள் பறித்து விட்டாயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மாமா. நெஞ்சுக்குள்ளே என்னமோ அமுக்கறாப்பலே இருக்குதுங்க. வாயுவாட்ட இருக்குது. செத்த நேரத்துலே சரியாப் போயிருமுங்க" என்றான்.

'வாயு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வீடே வைத்தியர் கூட்டமாகி விட்டது. "நேத்து ராத்திரி மொச்சைக் கொட்டை வேண்டாமுன்னு சொன்னேனுங்க மாப்பிள்ளை, கேட்டாத்தானே!" என்று மாமியார் என்னிடம் முறையிட்டாள். (இந்த மாப்பிள்ளை நான்.) ஒருத்தி பெருங்காயத்தைக் கரைத்து வயிற்றில் பூசினாள். ஒருத்தி சுக்குக் கஷாயம் வைக்கப் போனாள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, "சோடா குடிச்சா ரண்டு ஏப்பம் வரும், ஏப்பம் வந்தா எல்லாம் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். நான்தான் படித்தவனாயிற்றே! பெரியவர் சொன்னதை ஆமோதித்து, டார்ச்சு விளக்கை எடுத்துக் கொண்டு நானே கிளம்பினேன். சாலையோரப் பெட்டிக் கடைக்காரனைத் தட்டி எழுப்பிச் சோடா வாங்கினேன். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் உரிமை பதிந்த அந்தக் கோலிப் புட்டி, அவருடைய தேசத்தில் எப்போதோ மறைந்து போயிற்று. எங்கள் ஊரில் இன்னும் வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்கிறது.

சோடாவைக் குடித்தான். இரண்டு ஏப்பமும் வந்தன. "இப்பத் தேவலைங்க" என்றான். நாங்கள் எல்லோரும் ஒருவரை யொருவர் பார்த்துப் புன்னகை செய்தோம். பெரியவர் மீசையைத் தடவிக் கொண்டார். ஐந்தே முக்காலுக்கு மறுபடியும் அமுக்கிற்று. இந்தத் தடவை இடது கை முழுதும் கனத்துப் போயிற்று. மேலெல்லாம் வேர்வை, தொட்டால் ஐஸ் மாதிரி குளிர்ச்சி. அப்போதும் அவன் கவலை பூவைப் பற்றித்தான்: "மார்க்கெட்டுக்கு நேரமாச்சுங்க." என் மனைவிதான் முதலில் பயந்தாள். "எந்திரிங்க, ஆசுபத்திரிக்குப் போலாம்" என்று அவள் போட்ட கூச்சலில்தான் எனக்குச் சுரணை வந்தது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர்ந்த போது மணி ஏழரை.

அங்கிருந்த டாக்டர் இளம் பிள்ளை. மார்பில் கம்பிகளை ஒட்டி, காகிதத்தில் வந்த கோடுகளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "வலி எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கு."

"இதுவரை என்ன செய்தீர்கள்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. காகிதத்தில் எழுதிக் கொள்வதற்காகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. என் மனைவி தரையைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே ஏற்றினார்கள். பிறகு 108 வண்டியில் கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். அங்கே குழாய்க்குள் கம்பி வலைக் குழல் வைத்தார்கள். மாப்பிள்ளை பிழைத்துக் கொண்டான். ஆனால் முழு மனிதனாக அல்ல. இருதயமானது ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடத்தில் நிறைந்த இரத்தத்தில் நூற்றுக்கு 55 பங்குக்குக் குறையாமல் வெளியே தள்ள வேண்டும். அவனுடைய இருதயம் தள்ளுவது 35 பங்கு. பாக்கி 20 பங்கு எங்கே போயிற்று என்றால், நாலு மணிக்கும் ஏழரை மணிக்கும் நடுவே திண்ணையில் போயிற்று.

அந்த மூன்றரை மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டேன். படித்தவனுக்குப் புத்தி பின்னால்தானே வரும்! ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடித்து, நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தத்தை இறைத்துக் கொடுக்கிற இந்த ஏற்றத்துக்கும் தண்ணீர் வேண்டும் அல்லவா? தன் அறைகளுக்குள் நிறைந்திருக்கும் இரத்தத்திலிருந்து இருதயத்தின் சதை தனக்கு வேண்டியதை எடுத்துக் கொள்ள முடியாது. ஊருக்கெல்லாம் படி அளக்கிற பண்டகசாலைக்காரன் தன் வீட்டு அரிசியை வெளியே வாங்குகிற கதைதான். அதற்கென்று தனியாக இரண்டு சிறு குழாய்கள் மேலே கிரீடம் போல் சுற்றிக் கொண்டிருக்கின்றன. அந்தக் குழாயின் உட்சுவரில் பல வருஷமாகக் கொழுப்புப் படிந்து கொண்டு வருகிறது. ஒரு நாள் அந்தப் படிவின் மேல்தோல் வெடிக்கிறது. காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைவது இயற்கை. விரலில் வெட்டுப் பட்டால் உயிரைக் காப்பாற்றுகிற அந்தக் குணமே இங்கே எமனாகி விடுகிறது. உறைந்த கட்டி குழாயை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள சதை அரை மணிக்குள் சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரமானால் பெரும் பகுதி செத்துப் போகிறது. செத்த சதை மறுபடி முளைப்பதில்லை.

சரி, நெஞ்சிலே கோளாறு இருக்க, வயிற்றின் மேல் பழி போட்டது ஏன்? இருதயத்திலிருந்தும் இரைப்பையிலிருந்தும் புறப்படுகிற நரம்புகள் முதுகுத் தண்டில் அண்டை வீட்டுக்காரர்களைப் போல் பக்கத்துப் பக்கத்தில் போய்ச் சேருகின்றன. எந்த வீட்டிலிருந்து கூச்சல் வருகிறது என்று மூளைக்குத் தெரிவதில்லை. முக்கியமாக, இருதயத்தின் அடிப் பாகம் அடிபட்டால் மேல் வயிற்றில் வலியும் வாந்தியுமாகவே அது வெளிப்படக் கூடும். சோடாவுக்கு ஏப்பம் வரத்தான் செய்யும். யாருக்குக் கொடுத்தாலும் வரும். அந்த ஏப்பம் நோயாளிக்குக் கொடுக்கும் பொய்த் தைரியந்தான் ஆபத்து. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் ஸ்திரீகளுக்கும் சில சமயம் நெஞ்சு வலியே இராது. மூச்சு முட்டும், காரணமில்லாமல் களைப்பு வரும், தாடை வலிக்கும், அவ்வளவுதான். "அடுப்படி வேலை; அதுதான் அசதி" என்று சொல்லி விட்டால் கேள்வி முடிந்தது.

"ஒல்லிப் பையனுக்கு மாரடைப்பா? அது பணக்கார வியாதியல்லவா?" என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். 2016-ஆம் வருஷத்துக் கணக்கின்படி இந்தியாவில் நேர்ந்த மரணங்களில் நூற்றுக்கு 28 இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் சார்ந்த வியாதிகளால் நேர்ந்தவை. நம் தேசத்தில் அத்தனை பணக்காரர்கள் எப்போது தோன்றினார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டவர்களில் முக்கியமானவர், கேரளத்தில் கொட்டாரக்கரையில் பிறந்து, கானடா தேசத்தில் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் சலீம் யூசுப். 52 நாடுகளில் முதல் தடவை மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், அதே அளவு சௌக்கியமான மனிதர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி இவரும் இவருடைய சகாக்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2004-இல் முடிவு வெளியாயிற்று. புகையிலை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி, மனக்கவலை, காய் கனி தின்னாமை, உடல் அசையாமை, குடிப் பழக்கம் ஆகிய இந்த ஒன்பது சமாசாரங்களைக் கொண்டே உலகத்து மாரடைப்பு அபாயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை விளக்கி விடலாம் என்று தெரிந்தது. தலையெழுத்துக்கு மிஞ்சியது பத்துப் பங்குதான். மற்றொன்றும் தெரிந்தது. இந்தியா, இலங்கை முதலிய நம் பக்கத்து ஜனங்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59-இல். ஆறு வருஷம் முன்னதாக! ரயிலுக்கு நேரம் தவறாமல் போகாத நாம் இந்த ஒரு காரியத்தில் முந்திக் கொள்கிறோம்.

மாப்பிள்ளையின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். பூப் பறிக்கிற குளிருக்கு இதமாக இருக்கிறது என்று பதினெட்டு வயதில் தொடங்கிய பீடி. நாளைக்கு ஒரு கட்டு. இருபது வருஷமாக நல்ல தூக்கமில்லை. கடன் உண்டு, பூ விலை சரிந்த வருஷத்துக் கடன். அவனுடைய தகப்பனார், அதாவது என் மாமனார், 51 வயதில் ஒரு நாள் வயலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "நல்ல சாவு" என்று ஊர் மெச்சிற்று. அந்த நல்ல சாவு பிள்ளைக்கு ஒரு முன்னறிவிப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. இரத்த அழுத்தத்தையோ சர்க்கரையையோ அவன் ஒரு நாளும் பரிசோதித்துக் கொண்டவனில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த போது இரண்டும் இருந்தன.

இவையெல்லாம் அபாயக் காரணங்கள் என்று மனிதர்களுக்குத் தெரிந்தே அதிக நாளாகவில்லை. அமெரிக்காவின் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945-ஆம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி "தலையைப் பயங்கரமாக வலிக்கிறது" என்று சொல்லிச் சாய்ந்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்து விட்டது. அப்போது அவருடைய இரத்த அழுத்தம் 300-க்கு 190. உலக யுத்தத்தை நடத்திய மனிதர், கூடவே வைத்தியர்கள். இருந்தும், அந்த அழுத்தத்தைக் குறைக்க உருப்படியான மருந்து அந்நாளில் ஒருவரிடமும் இல்லை. வயதானால் அழுத்தம் ஏறுவது சகஜம் என்று நம்பின வைத்தியர்களும் இருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1948-இல், அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற சிறிய ஊரில் 5,209 ஸ்திரீ புருஷர்களைப் பெயர் எழுதிக் கொண்டு பின்தொடரத் தொடங்கினார்கள். அவர்களில் யாருக்கு மாரடைப்பு வருகிறது, வந்தவர்கள் முன்னே எப்படி வாழ்ந்தார்கள் என்று வருஷக் கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள். இரத்த அழுத்தமும், கொழுப்பும், சிகரெட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது அந்த ஊரில்தான். சத்தியமங்கலம் மாதிரி ஓர் ஊர். அதன் ஜனங்கள் பொறுமையாக உட்கார்ந்து ஊசி குத்திக் கொண்டதனால் உலகம் பிழைத்தது.

லண்டன் பஸ் கண்டக்டர்களின் கதை எனக்கு இன்னும் பிடித்தமானது. அங்கே பஸ்ஸுக்கு மாடி உண்டு. டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாளெல்லாம் மாடிப் படி ஏறி இறங்குவார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே தெரு, ஒரே புகை. ஜெரி மாரிஸ் என்ற வைத்தியர் 1953-இல் கணக்கை வெளியிட்டார்: டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் அவ்வளவு கடுமையில்லை. நம் பக்கத்து டவுன் பஸ் கண்டக்டருக்கு மாடி இல்லாவிட்டாலும் கூட்டம் இருக்கிறது. கோபிச்செட்டிப்பாளையம் போகும் பஸ்ஸில் முன் வாசலிலிருந்து பின் வாசலுக்குப் போய்ச் சேருவது திம்பம் மலை ஏறுவதற்குச் சமானம்.

இனி என் கதை. மாப்பிள்ளை வீடு திரும்பிய பத்தாம் நாள், கையில் பையோடு ஒரு பெண்மணி எங்கள் வீட்டுப் படியேறினாள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய சர்க்கார் திட்டத்தைச் சேர்ந்தவள். வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையையும் கொடுத்து விட்டுப் போகிறார்கள். அவள் அதற்கு முன்பும் பல தடவை வந்தவள்தான். "எனக்கு ஒன்றுமில்லை அம்மா, அடுத்த வீட்டைப் பார்" என்று ஒவ்வொரு தடவையும் அனுப்பி வைத்தேன். இந்தத் தடவை என் மனைவி வாசலை மறித்துக் கொண்டு நின்றாள். கையை நீட்டினேன். 168-க்கு 104.

"யந்திரம் பழுதாயிருக்கும்" என்றேன்.

"உங்க வீட்டம்மாவுக்கு 122-க்கு 80-னு இதே மிஷினுதானுங்க காட்டுச்சு" என்றாள்.

ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதால் வேறு வேறு நாட்களில் இரண்டு தடவை பார்த்தார்கள். இறங்கவில்லை. 140-க்கு 90-ஐத் தாண்டினாலே அதிகம். எனக்குத் தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, கோபங்கூட இல்லை. இந்த வியாதியின் பொல்லாத்தனமே அதுதான். திருடன் சத்தம் போட்டுக் கொண்டா வருவான்? எத்தனை வருஷமாக என் வீட்டுக்குள் குடியிருந்தானோ! அன்று முதல் காலையில் ஒரு மாத்திரை.

மாத்திரை விழுங்குவது சுலபம். உப்பைக் குறைப்பதுதான் பிராண சங்கடம். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கட்டளை. எங்கள் கொங்கு நாட்டில் அரிசியும் பருப்பும் சாதம் என்று ஒன்று உண்டு. அதற்கு அப்பளமும் ஊறுகாயும் இல்லாவிட்டால் அதை இலையில் போடுவது அதற்கே அவமானம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 1930-ஆம் வருஷத்தைப் பற்றிச் சொல்லும் போது, காந்தியடிகள் தண்டிக்கு நடந்ததையும், அதே ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தொண்டர் படையை நடத்திச் சென்றதையும் ரோமம் சிலிர்க்கச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த உப்பை இப்போது டாக்டர் பிடுங்கிக் கொள்கிறாரே என்று மனைவியிடம் வாதாடினேன். அவள் மசியவில்லை. பிறகு சத்திய சோதனையைப் புரட்டின போது என் வாதம் முழுகிப் போயிற்று. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாயின் உடம்புக்காக உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தி சொல்ல, "உங்களால் விட முடியுமா?" என்று அந்த அம்மாள் கேட்க, அந்த நிமிஷமே ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விட்டவர் அவர். ஏழைகளின் உப்புக்கு வரி போடாதே என்று தண்டிக்கு நடந்த போது, தமக்கு உப்பு வேண்டுமென்று அவர் நடக்கவில்லை.

உப்பைப் பற்றிச் சொன்னதனால் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரத்த அழுத்தத்துக்கு உருப்படியான மருந்துகளில் முந்திய ஒன்று நம்முடைய சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல் அந்த வேரை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, 1949-இல் பிரிட்டிஷ் இருதய சஞ்சிகையில் எழுதினார். அதன் பிறகுதான் மேல்நாட்டார் விழித்துக் கொண்டு, 1952-இல் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். ரூஸ்வெல்ட்டுக்கு இல்லாமற் போன மருந்து நம் காட்டில் வேராகக் கிடந்தது! ஆனால் இதைப் படித்து விட்டு யாரும் வேரை இடிக்கக் கிளம்பி விடக் கூடாது. அளவு தவறினால் மனச்சோர்வு முதலிய கோளாறுகளைக் கொண்டு வரும். அதைவிட நல்ல மாத்திரைகள் வந்து விட்டபடியால் இப்போது அதை அதிகம் கொடுப்பதில்லை.

மாரடைப்பு வந்த பின்பு என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். எல்லோர் வீட்டிலும் தலைவலிக்கு வைத்திருந்த ஆஸ்பிரின் மாத்திரை இரத்தக் கட்டி வளர்வதைத் தடுக்கிறது. 1988-இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், 17,187 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு இதைத் தீர்மானித்தார்கள். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததில் ஐந்து வாரத்துச் சாவு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததில் நூற்றுக்கு 42 குறைந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்ன வயதினருக்கு எப்படி, இன்னாருக்கு எப்படி என்று கூறு போட்டுச் சொல்லும்படி பத்திரிகைக்காரர்கள் வற்புறுத்தினார்கள். அப்படிக் கூறு போடுவது தவறான முடிவுக்குக் கொண்டு போகும் என்று காட்டுவதற்காக, ஆராய்ச்சிக்காரர்கள் ராசிவாரியாகவும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் பலிக்கவில்லை என்று வந்தது! நான் துலாம். இந்தக் கதையைச் சொன்ன போது என் மாமியார் சிரிக்கவில்லை. "இருக்குமுங்க" என்று யோசனையில் ஆழ்ந்தாள். மேல்நாட்டு ராசி பிறந்த மாதத்தைக் கொண்டது, நம்முடையது சந்திரனைக் கொண்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

2023-ஆம் வருஷத்திலிருந்து 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தின்படி நம் ராஜ்யத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்படிப்பட்ட நெஞ்சு வலிக்காரருக்கு உடனே கொடுப்பதற்கென்று பதினான்கு மாத்திரைகள் தயாராக வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரல் நாலு, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் எட்டு. விழுங்க வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எல்லா நெஞ்சு வலிக்கும் இது ஆகாது. இரத்தக் கசிவு உள்ளவர்களுக்குத் தீங்கு. ஆகையால் வைத்தியரிடம் கேட்டுத்தான் கொடுப்பார்கள். அன்று விடியற்காலை நான் தட்டி எழுப்பிய பெட்டிக் கடையிலிருந்து சுகாதார நிலையம் அரை மைல் தூரத்தில் இருந்தது. சோடாவைக் கையில் பிடித்துக் கொண்டு திரும்பின போது அதன் வாசல் விளக்கு எரிந்து கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அதைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக் கொள்ளுகிறேன்.

கோயமுத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி முதலியோர் 2012 முதல் 2014 வரை இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். சிறு ஊர் ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் இணைத்து, சிறு ஊரில் எடுத்த இருதயக் கோட்டுப் படத்தைப் பெரிய ஊர் வைத்தியர் உடனே பார்க்கும்படி ஏற்பாடு. 2,420 நோயாளிகளைக் கணக்கெடுத்ததில், ஒரு வருஷத்துக்குள் இறந்தவர் நூற்றுக்கு 17.6 பேர் என்றிருந்தது 14.2 ஆகக் குறைந்தது. புதிய மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நேரத்தை மட்டும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தச் சக்கரத்தின் ஆரக்கால் எங்கள் மலை மேல் எட்டுவது சிரமம். தாளவாடியில் ஒருவனுக்கு நெஞ்சு அடைத்தால், திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சத்திக்கு வர வேண்டும்; அல்லது எல்லை தாண்டிச் சாமராஜநகருக்குப் போக வேண்டும். புலிகள் காப்பகமாகிய அந்தக் காட்டுப் பாதையில் 2022 முதல் இரவு நேரத்து வண்டிகளுக்குத் தடை. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. ஆம்புலன்ஸ் போகலாம் என்று சட்டம் சொல்லுகிறது. வளைவில் லாரி குறுக்கே நின்று விட்டால் சட்டம் வந்து தள்ளுமா?

இப்போது சனி, ஞாயிறு விடியற்காலை நான் பூந்தோட்டத்துக்குப் போகிறேன். மாப்பிள்ளை மூன்று வரிசை பறித்ததும் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான். அவன் மனைவியும் பிள்ளையும் மற்ற வரிசைகளைப் பார்த்துக் கொள்ளுகிறார்கள். கூடையைச் சுமப்பது என் வேலை. எட்டுக் கிலோ மொட்டு என்ன கனம் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. "ஏனுங்க வாத்தியாரே, பென்சன் வர்றதுக்குள்ளே பூ யாவாரமா?" என்று மார்க்கெட்டில் எடை போடுகிறவர் கேட்கிறார்.

சென்ற மாதம் ஒரு நாள், வரப்பில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, அன்றைக்குச் சோடா வாங்கப் போன நேரத்தில் உன்னை வண்டியில் ஏற்றியிருந்தால்..." என்று தொடங்கினேன். ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த வார்த்தை.

"அட, விடுங்க மாமா. நீங்க போகலைன்னா நானே நடந்து போயிக் குடிச்சுப்போட்டு வந்திருப்பேனுங்க" என்றான். சற்று நேரம் செடியைப் பார்த்துக் கொண்டிருந்தான். "காசு குடுத்தீங்களா அவனுக்கு? ராத்திரியிலே எழுப்பி வாங்கின சோடாவுக்கு ரண்டு பங்குக் காசு கேப்பானே!"

நான் காசு கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று காலையே கடைக்குப் போய்க் கொடுத்தேன். அவன் வாங்க மறுத்து விட்டான்.

ஒரு விஷயம் பாக்கி. அன்றைக்கு வரப்பில் மாப்பிள்ளையின் சட்டையிலிருந்து இலேசாகப் பீடி வாசனை வந்தது. பீடியை விட்ட ஒரே வருஷத்தில், அதனால் வந்த அதிகப்படி அபாயத்தில் பாதி நீங்கி விடும் என்று புள்ளி விவரங்களோடு நான் பிரசங்கம் செய்யத் தொடங்கினேன். அவன் அமைதியாக என் விரல்களைப் பார்த்தான். கட்டுச் சோற்றோடு நான் தனியே கொண்டு வந்திருந்த நார்த்தங்காய் ஊறுகாயின் உப்பு விரல் நுனியில் ஒட்டிக் கொண்டிருந்தது. நான் அக்காளிடம் சொல்லுவதில்லை, அவன் அக்காளிடம் சொல்லுவதில்லை என்று அங்கேயே ஓர் உடன்படிக்கை செய்து கொண்டோம். அதை இப்போது நான் மீறி விட்டேன். என் மனைவி இந்தப் பத்திரிகையை ஒரு பக்கம் விடாமல் படிக்கிறவள்.